மாலா அக்காவை விருந்துக்குக் கூப்பிடாதே

தம்பி சரவணா,

அங்கே பெர்த் நகரத்தில் இந்த உறையைப் பிரிக்கும்போது, இந்தக் காலத்தில் யாரப்பா தபாலில் எழுதுகிறார்கள் என்று உனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோம். என் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதிலிருந்து நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்பதுவரை உனக்குத் தெரியும். அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற சாக்கில் நான் வேறு பக்கம் போய்விடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடமாக இந்த ஒரு விஷயத்தில் வேறு பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி. கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. ஆனால் கடைசிவரை படித்துவிடு.

போன சனிக்கிழமை தேவி கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு சித்தியவானிலிருந்து வந்திருந்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்பதால் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போய், என் ரசத்தில் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் என் சமையலைக் குறை சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே ஒன்று கேட்டாள். "மாமா, நீங்க வேல செஞ்ச அச்சகத்துலதானே மாலா அக்கா புக்கெல்லாம் அடிச்சாங்க? அவங்க இன்னும் இருக்காங்களா? சின்ன வயசுல எனக்கு அவங்க புக்குதான் லா எல்லாமே." கல்யாண டின்னருக்கு மாலா அக்காவைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட வேண்டுமாம். நீ மேடையில் உன் அம்மாவின் கதையைச் சொல்லி முடித்ததும், அந்த அம்மாளை மேடையேற்றி மாலை போட வேண்டுமாம். மண்டபம் முழுக்கச் சிரித்துக் கைதட்டும் என்றாள். நான், "தெரியாதும்மா, அந்த அம்மா முகத்தை நான் பார்த்ததே இல்லை" என்றேன். ஒரு பொய்யைப் பல வருடம் சொல்லிப் பழகிவிட்டால் அது மூச்சு விடுவதுபோல் வந்துவிடுகிறது.

மறுநாள் ஞாயிறு. நீ கூப்பிட்டு, டின்னரில் பேசப்போவதை எனக்கு ஒத்திகை பார்த்துக் காட்டினாய். எங்க அம்மாவுக்கு ஓட்டைவாய், எங்க அம்மாகிட்ட ஒரு ரகசியம் சொன்னா அது புஸ்தகமா அச்சடிச்சு ஸ்கூலுக்கே வந்துடும் என்று தொடங்கினாய். நன்றாகத்தான் பேசினாய், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க விட வேண்டும் என்பதெல்லாம் உனக்கு வருகிறது. நானும் சிரித்தேன். நீ போனை வைத்த பிறகு கூடத்தில் உன் அம்மா படத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். மாலையில் விளக்கு ஏற்றக்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போய் இந்தக் காகிதக் கட்டை வாங்கி வந்தேன்.

மாலா அக்கா என்று ஒருத்தி கிடையாது, தம்பி. மாலா அக்காவுக்கு மீசை இருந்தது. ஒன்றல்ல, மூன்று மீசை. அச்சகத்து முதலாளி, சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பிழை திருத்துபவனாக அங்கே வேலை பார்த்த நான். மூன்று பேரும் மாற்றி மாற்றி எழுதினோம். 'சுண்ணாம்பு மலை நண்பர்கள்' வரிசையில் வந்த புத்தகங்களில் பதினொன்று என்னுடையவை. ஆண் பெயர் போட்டால் பிள்ளைகள் வாத்தியார் என்று பயப்படும், அக்கா என்றால் கடிதம் போடும் என்று முதலாளி சொன்னார், அப்படியேதான் நடந்தது. மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. மாலா அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, லூமுட் பக்கம் கடல் தெரியும் ஒரு வீட்டில் இருக்கிறாள், இரண்டு பூனை வளர்க்கிறாள், மீன் சாப்பிட மாட்டாள் என்றெல்லாம் ஒரு மத்தியானம் கோப்பிக் கடையில் உட்கார்ந்து முடிவு செய்தோம். மீன் சாப்பிடாத ஆளுக்குப் பூனை எதற்கு என்று கிராணியார் பத்து நிமிடம் சண்டை போட்டார். அதெல்லாம் உண்மையிலேயே நன்றாக இருந்த நாட்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்பது மட்டும் சட்டம். பெண்டாட்டி பிள்ளைகளிடமும் கூடாது. பிள்ளைகள் வாய் வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால், மாலா அக்கா அன்றே செத்தாள் என்பார் முதலாளி.

மூன்று பேர் எழுதுவது ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை போட்ட கனத்த நோட்டு, முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கும். கதையில் வரும் நாலு பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதில் சில பக்கங்கள். யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குத் தேள் என்றால் பயம், யார் வீட்டில் சேவல் இருக்கிறது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். புதுப் புத்தகம் எழுதப் போகிறவர் முதலில் நோட்டைப் படிக்க வேண்டும், தனக்குப் புதிதாக ஏதாவது தோன்றினால் அதில் பதிய வேண்டும். பதிந்தது பதிந்ததுதான். அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஏனென்றால் நீ எழுதியதை நம்பி இன்னொருவர் அதற்குள் ஒரு அத்தியாயத்தையே கட்டியிருப்பார். உன் கையைவிட்டு நோட்டுக்குள் போய்விட்டால் அது மாலா அக்காவுடையது, உன்னுடையது அல்ல. இந்தச் சட்டம் ஒன்றும் தவறான சட்டமில்லை. அதில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்கிற அறிவு எனக்கு இல்லாமல் போய்விட்டது.

உனக்கு ஏழு வயதுவரை நீயும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில்தான் இருந்தீர்கள், நான் ஈப்போவில் ஒரு வாடகை அறையில். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உன் அம்மா விடியும் முன்னே பால்வெட்டுக்குக் கிளம்ப வேண்டும். நீ விழித்துக்கொண்டு அழக்கூடாது என்று, முதல் நாள் கட்டியிருந்த சேலையை உன்மேல் போர்த்திவிட்டுப் போவாள். அதைக் கட்டிக்கொண்டு நீ தூங்குவாய். அந்தச் சேலையோடுதான் உன்னை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் கொண்டுபோய் விடுவார்கள். பிறகு பால் மரத்தை எல்லாம் தள்ளி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், நீங்கள் இருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் ஈப்போவிலேயே குனோங் ராபாட்டில் இந்த வீட்டைப் பிடித்து உங்களைக் கூட்டி வந்தேன். தோட்டத்தில் மலை ஏது? இங்கே ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று பாறை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி அதன் அடியிலேயே போகிறது. வந்த முதல் வாரமே, எப்போதோ ஒரு கல் உருண்டு விழுந்ததாம் என்று உன்னிடம் யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் புத்தகப் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஒரே ஓட்டம். பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உன் கால்சட்டைப் பைக்குள் இருந்தது என்ன என்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று பைகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். உன் பள்ளிக்கூடக் கால்சட்டையில் ஒரு துண்டுத் துணி அகப்பட்டது. ஊதா நிறம், நாலாக மடித்து, ஓரமெல்லாம் கருத்துப் போயிருந்தது. குப்பை என்று நினைத்துக் கூடையில் போடப் போனேன். ஈரக் கையோடு ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். "அது அவனோடதுங்க. என் பழைய சேல முனை. பயம் வந்தா தொட்டுக்குவான். யார்கிட்டயும் சொல்லக்கூடாது, அப்பாகிட்டகூட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். நீங்க தூக்கிப் போட்டுடப் போறீங்களேன்னுதான் சொல்றேன் லா." உன் அம்மா உனக்குச் செய்த சத்தியத்தை மீறியது அந்த ஒரே தடவைதான். அதுவும் அந்தத் துணியைக் காப்பாற்றுவதற்காக. சொன்னது என்னிடம். நான் உன் தகப்பன், இதைச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் நான் அதை நோட்டில் எழுதினேன். நாலு பிள்ளைகளில் மணி என்கிறவன் வெறும் துடுக்குக்காரனாக இருந்தான், எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. உன்னை வைத்து அவனுக்கு உயிர் கொடுக்கலாம் என்று தோன்றியது. பையைத் தலையில் வைத்து ஓடுவது, மலை விழும் என்கிற பயம், நாலாக மடித்த ஊதாச் சேலை முனை எல்லாவற்றையும் எழுதினேன். என் அடுத்த புத்தகத்தில் அவன் குகைக்குள் மாட்டிக்கொள்வான், அந்தத் துணியைத் தொட்டுத் தொட்டே தைரியமாக வெளியே வருவான் என்று மனதில் கதை கூடப் போட்டு வைத்திருந்தேன். உன்னைக் கேலி செய்ய எழுதவில்லை, சத்தியமாக. உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாமல் அப்படிச் சொல்லப் பார்த்தேன். தோட்டத்து ஆண்பிள்ளைகள் நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. ஆனால் அடுத்து எழுதும் முறை என்னுடையது அல்ல, கிராணியாருடையது. அவர் நோட்டைப் பிரித்தார், புதிதாக ஒரு சங்கதி கிடக்கிறது, எடுத்துக்கொண்டார். அவர் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. அது யாருடைய பையிலிருந்து வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் எழுதிய அத்தியாயத்தில் மற்ற மூன்று பிள்ளைகளும் சேர்ந்து மணியின் பையிலிருந்து துணியை உருவி, தலைக்கு மேல் சுற்றிக் காட்டி, 'சேலை மணி, சேலை மணி' என்று பாடுகிறார்கள். அச்சுப்படி திருத்த என் மேசைக்கு வந்தது. இனிமேல் சொல்வதை எழுதக் கை கூசுகிறது. படித்ததும் முதலில் நான் சிரித்தேன். கிராணியார் பிரமாதமாக எழுதுவார், அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. அப்புறம்தான் நெஞ்சில் குத்தியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது என் மகனுடையது, எடுத்துவிடுங்கள் என்று. அவர் எடுத்திருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால், நோட்டில் சொந்தப் பிள்ளையை விற்றவன் என்று அந்த இரண்டு பேர் முன்னால் நிற்க வேண்டும். யார் இதை உன் பள்ளிக்கூடத்தோடு பொருத்திப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையால் அதைச் சேர்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்பினேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். அப்போது உனக்குப் பத்து வயது, நான்காம் ஆண்டு. புத்தகம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது, வகுப்பில் டீச்சர் சத்தமாக வாசித்தார்கள். பையைத் தலையில் வைத்து ஓடுகிற பையன் என்றதும் அத்தனை பேரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள். இடைவேளையில் நாலைந்து பேர் உன்னைப் பிடித்துப் பையைத் துழாவினார்கள். கதையில் இருந்தது அப்படியே உன்னிடம் இருந்தது. துணி பெரிய சாக்கடையில் போனது. ஆறாம் ஆண்டு முடியும்வரை உனக்குச் சேலை மணி என்றே பெயர். துணி போன அன்று மத்தியானம் நீ வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாயாம். நான் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே உன் அம்மா வாசலில் நின்றாள். கையில் அந்தப் புத்தகம். நான் மாலா அக்கா என்பது அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும் போலிருக்கிறது. ஒரே வீட்டில் எழுதிக்கொண்டு பெண்டாட்டிக்குத் தெரியாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? முட்டாள் நான்தான். "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான், "இந்தப் புத்தகத்தை நான் எழுதவில்லை" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை பார். அவள் விடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் உள்ளே போய் உனக்குச் சோறு பிசைந்தாள்.

அடுத்த நாள் காலை பசியாறும்போது நீ எழுந்து வந்தாய். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அவளைக் கேட்டாய். "அம்மா, உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன். நீ யார்கிட்ட சொன்ன?" உன் அம்மா தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை, ஒரே தடவை என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது வாய் இருந்தது. நாக்கும் இருந்தது. கோப்பியை எடுத்துக் குடித்தேன். அவள் உன் பக்கம் திரும்பி, "கோயில்ல ஒரு அக்காகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன்யா. அவங்க யார்கிட்ட சொன்னாங்களோ. அம்மாவ மன்னிச்சுக்கடா" என்றாள். நீ அவள் கையைத் தட்டிவிட்டுப் போனாய். நான் நேரமாகிவிட்டது என்று மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேலை. பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டாரை நிறுத்தி அதுவரை சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ அவளிடம் எதையும் சொன்னதில்லை. யோசித்துப் பார். தேர்வு முடிவா, அப்பாவிடம். பெர்த்தில் வேலை கிடைத்ததா, அப்பாவிடம். அங்கே ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அதுவும் என்னிடம்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்ற கட்டளையோடு. நான் போனை வைத்ததும் அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். "தம்பி என்ன சொன்னான்?" என்பாள். நான் சொல்வேன். பெற்ற மகனைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆள் கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல் நின்று கேட்டுக்கொள்வாள், சாப்பிட்டானாமா, குளிராமா என்று இரண்டு கேள்வி கேட்பாள், போய்விடுவாள். இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நீ என்னிடம் மட்டும் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கம் கெட்டவன், எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனையோ தகப்பன்மாரிடம் மகன்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, என் மகன் என்னிடம் எல்லாம் சொல்கிறான் என்று கோப்பிக் கடையில் பீற்றிக்கொண்டேன். அவளிடமிருந்து திருடியதை வைத்துக்கொண்டு பணக்காரன்போல் நடந்தேன்.

எழுதுவதை நான் அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டேன். கிராணியார் போய்ச் சேர்ந்தார், முதலாளியும் போனார், அச்சகம் இருந்த கடைவீட்டில் இப்போது வெள்ளைக் கோப்பி விற்கிறார்கள், கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகள் வந்து வரிசையில் நின்று குடிக்கிறார்கள். அச்சகத்தை மூடும்போது அந்த நீல நோட்டை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் எழுதிய பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார், உனக்குத் தெரியும்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நீ விமானச் சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்த அந்த மூன்று நாளில், ஒரு சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நான் அவளிடம் சொன்னேன். அவன் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், உன் முன்னாலேயே சொல்கிறேன் என்றேன். "சொல்லாதீங்க" என்றாள். "நான் போனப்புறம் அவனுக்கு நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்டயும் பேசாமப் போயிட்டா அவன் யார்கிட்ட லா பேசுவான்?" நீ வந்தாய், அவள் கையைப் பிடித்தாய், அவள் உன்னிடம் சாப்பிட்டியா என்று கேட்டாள். நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொல்லாதே என்றாள் என்பதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதிதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை போனைவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? காலையில் எழுந்தால் காய்கறி வாங்கப் பாசாருக்கு ஒரு நடை, ஒரு ஆளுக்கு அரைக் குவளை அரிசி, நாள் முழுக்க யாருடைய குரலும் கேட்காமல் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. சில வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது என் தொண்டை கரகரவென்று இருக்கும். சளியா அப்பா என்று கேட்பாய். சளி இல்லை, சனிக்கிழமை முழுக்க நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அந்த ஒரு போனையும் இழக்க எனக்குப் பயம்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அவள் சொன்ன காரணம் இப்போது இல்லை. உனக்குத் தேவி இருக்கிறாள். நீ பேசுவதற்கு ஆள் இருக்கிறது. என்னோடு பேசாமல் போனாலும் நீ தனியாக நிற்க மாட்டாய். இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மாவைப் பற்றி நீ செய்த அந்தக் கேலிப் பேச்சை நான் போனில் கேட்டேனே, அதில் என் கையெழுத்தைப் பார்த்தேன். நமக்கு நெருங்கினவர்களிடமிருந்து கிடைத்த ஒன்றை எடுத்து, நாலு பேர் சிரிக்கும்படி நன்றாகச் செய்து, அது அவர்களுக்கு எப்படியிருக்கும் என்று கேட்காமலே மேடையில் வைப்பது. அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும், உனக்கும் வருகிறது, அதனால்தான் பயப்படுகிறேன். நாளைக்குத் தேவி உன்னிடம் ஒன்று சொல்வாள். எல்லாரிடமும் சொல்லாததைச் சொல்வாள். அது சிரிப்பாகவும் இருக்கும், சுவையாகவும் இருக்கும், நண்பர்களிடம் சொல்லத் துடிக்கும். சொல்லாதே. எவ்வளவு அன்போடு சொன்னாலும் அது உன் கையைவிட்டுப் போய்விட்டால் அப்புறம் யார் எடுத்து என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது. எனக்கு நல்ல எண்ணம்தான் இருந்தது. அந்த நல்ல எண்ணம் உனக்கு ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

தேவியிடம் நானே சொல்லிவிடுகிறேன், மாலா அக்காவைத் தேட வேண்டாம், அவள் ரசத்துக்கு உப்புப் போடத் தெரியாத ஒரு கிழவன் என்று. பாவம், அந்தப் பிள்ளை ஏமாந்துபோகும். அதைவிட உன்னை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ எனக்குப் போன் செய்யாமல் இருக்கலாம், கல்யாணத்தில் என்னிடம் பேசாமல் இருக்கலாம். என்ன செய்தாலும் நியாயம்தான், நான் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். மன்னித்துவிடு என்று கேட்க வேண்டிய ஆள் நீ மட்டும் அல்ல. இன்னொருத்தியிடம் கேட்க வேண்டிய நேரத்தை நான் கோப்பி குடித்துக் கழித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். டின்னரில் எழுந்து நிற்கும்போது, ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் என்னை வைத்துச் சிரிக்க வை. மூன்று மீசை வைத்த அக்காவின் கதையைச் சொல், நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன், தலை குனிய மாட்டேன். உன் அம்மாவைத் தொடாதே. நீ ஓட்டைவாய் என்று சொல்லிச் சிரிக்கிற அந்த மனுஷி, நீ இருபத்தொரு வருடம் முகம் திருப்பிக்கொண்டிருந்தபோதும், சாகிற அன்று நீ கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும், என் பெயரைச் சொல்லவில்லை, தம்பி.

அப்பா